ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு பட்டு

துரைக்கண்ணு இருபத்திரண்டு வருஷம் ஆரணியில் பட்டுப்புடவை மடித்தவர். மடிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். நெய்த புடவையில் எங்கோ ஓர் இழை விட்டுப்போயிருக்கும். ஓரத்தில் யாருடைய எண்ணெய் விரலோ பட்டிருக்கும். ஜரிகை அறுந்து, ஒட்டுப் போட்ட இடம் சின்னப் பரு மாதிரி நிற்கும். அந்தக் குறையை எத்தனையாவது மடிப்புக்குள் தள்ளினால் முகூர்த்தம் முடிகிறவரை யார் கண்ணிலும் படாது என்பது துரைக்கண்ணுவின் கைக்குத் தெரியும். அவன் மடித்தால் குறையே போய்விடும் என்று கடை முதலாளி நாலு பேர் எதிரில் மெச்சுவார். குறை எங்கேயும் போகாது, உள்ளே போகும். அந்த வித்தியாசத்தைப் பற்றி முதலாளியும் கவலைப்பட்டதில்லை, துரைக்கண்ணுவும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட்டவர்கள் கல்யாணம் முடிந்து கடைக்கு வந்து கத்தியவர்கள். அவர்களுக்கு ஒரு ஜாக்கெட் துணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

படவேட்டுப் பக்கத்தில் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவரின் மகனாகப் பிறந்து, பதினாறு வயதில் பஸ் ஏறி ஆரணிக்கு வந்தவர். நெய்யத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் உட்காருகிறவர்களைப் பார்த்து அவருக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. அவர்கள் நெய்கிறார்கள், அவர் மடிக்கிறார். கடையில் ஃபேனுக்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே யார் கெட்டிக்காரர் என்பது தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

தொண்ணூற்றாறில் அண்ணன் தம்பிச் சண்டையில் கடை இரண்டாகி, இரண்டும் மூடியது. அந்த நேரத்தில்தான் முதலாளியின் வயதான அத்தையைச் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வரும் வேலைக்கு அவர் துணைக்குப் போனார். முன் அறையில் பூச்சட்டி இருந்தது, சாமி படம் இருந்தது, இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு கிழவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையைக் கொண்டுவந்த உறவுக்கூட்டம் அந்த இரண்டு பேரையும் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்தே திரும்பிவிட்டது. உள்ளே எப்படி இருந்தது என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை என்பதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் தூங்கவே இல்லை.

ஊரிலும் காலம் கனிந்திருந்தது. பாதி வீடுகளில் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போயிருந்தார்கள். போகாத வீடுகளில் விசைத்தறி வந்திருந்தது. கூடத்தில் விசைத்தறி வந்து உட்கார்ந்தால் அங்கே கிடந்த கட்டிலுக்கு இடமில்லை. கட்டிலுக்கு இடமில்லை என்றால் கட்டிலில் இருப்பவருக்கும் இடமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தறிச் சத்தம் அம்மாவுக்கு ஆகவில்லை என்று சொன்னார்கள். பிள்ளைகளின் பாசம் அந்த வருஷங்களில் அப்படிப் பொங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றேழில், வந்தவாசி போகும் சாலையில் மூடிக்கிடந்த ஒரு நெல் மண்டியை வாடகைக்கு எடுத்து ‘அந்திப்பூ முதியோர் இல்லம்’ என்று பலகை மாட்டினார் துரைக்கண்ணு. முன் அறையில் நாலு கட்டில், பின்னால் தானியம் கொட்டிவைத்த கூடத்தில் ஆறு கட்டில். கட்டில்களுக்கு நம்பர் போட்டார். எழுந்து நடப்பவர், பேசினால் கோர்வையாகப் பேசுபவர், சிரிக்கப் பல் இருப்பவர் முன் அறைக்கு. மற்றவர்கள் பின்னால். முன் அறைக்கு ஜன்னலும் ஃபேனும் உண்டு. பின்கூடத்துக்குக் கதவு உண்டு. அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

முன் அறையின் நட்சத்திரம் குப்புராஜ் என்கிற ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட வருகிறவர்களிடம், வீட்டில்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் தழுதழுப்பார். ஒரு தழுதழுப்புக்கு ஒரு டீ. மூன்று பிறந்தநாள் ஒரே நாளில் வந்தால் பத்துப் பேரும் மூன்று தடவை பாயசம் குடித்துவிட்டு மூன்று தடவை வாழ்த்துவார்கள். மறுநாள் யாரும் பிறக்காவிட்டால் கஞ்சி. பொறந்தநாள் சோறு செரிக்கணுமே என்பார் துரைக்கண்ணு.

பின்கூடத்துக்கென்று தனிச் சட்டம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது. குடித்தால் துணி நனையும், நனைந்தால் துவைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் பத்திரமாக பீரோவில். பல்செட்டுகளும் அங்கேதான், ஒரே டம்ளரில். செருப்பு கிடையாது, செருப்பு இருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கலாம் என்று தோன்றும். கையை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குப் புடவை ஓரத்தைக் கிழித்த நாடாவால் மணிக்கட்டில் ஒரு கட்டு. காலை காப்பியில் ஒரு மாத்திரை, சாயங்காலக் கஞ்சியில் ஒரு மாத்திரை. இதற்கெல்லாம் அவர் வைத்திருந்த பெயர் பராமரிப்பு.

அவருடைய அம்மா தேசூரில் அக்கா வீட்டில் இருந்தார். ஊர் என்ன சொல்லும் என்று ஒருமுறை அவரையும் கூட்டிவந்து, முன் அறையில் முதல் கட்டிலில் உட்காரவைத்தார். அந்தம்மா பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டு பின்கூடம் வரை போனார். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, தேசூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பெற்ற தாய்க்கே நன்றி இல்லாத காலம் என்று துரைக்கண்ணு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் கட்டில் சின்னம்மாளுடையது. வயது எழுபத்தொன்று. அரிசி மண்டியில் மூட்டை தைத்தும் சலித்தும் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை வேலு இப்போது மூன்று விசைத்தறிக்குச் சொந்தக்காரன். இரண்டாயிரத்து மூன்று கார்த்திகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது, பொங்கலுக்கு முன்னால் அந்திப்பூவுக்கு வந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கழுத்துக்கு மேலே இருந்த அசைவு பத்து ஆளுக்குப் போதும். மாத்திரையை ஈறுக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு சுவரோரம் துப்பிவிடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் தண்ணீர் கேட்டபோது சட்டத்தை நினைவூட்டினார்கள். அவள் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டாள்:

“ஏம்பா துரை, தண்ணி குட்சா மூத்திரம் வருதுன்னு அத்த நிறுத்திட்டே. சோறு துன்னா வேற வருதுன்னு அத்தயும் கொறச்சிட்டே. மூச்ச மட்டும் இன்னாத்துக்கு உட்டு வெச்சிகினுகீற?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு அவள் மணிக்கட்டிலும் நாடா ஏறியது.

அவளைப் பார்த்துக்கொண்டது சோபியா. பார்த்துக்கொண்டது என்றால் பத்துப் பேரையும், தனியாளாக. சோபியா இரண்டு பிள்ளைகளின் தாய், காலை ஏழுக்கு வந்து இருட்டுவதற்குள் ஓடுகிறவள். அசையாமல் கிடப்பவரை மணிக்கொரு தரம் புரட்டிப்போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். புரட்ட இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆளாக இருந்த சமையல்காரியைப் பங்குனியில் நிறுத்திவிட்டார் துரைக்கண்ணு, ஹோட்டல் சாப்பாடு மலிவாக வருகிறது என்று. சித்திரை பிறந்தபோது சின்னம்மாளின் முதுகின் கீழே ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. பத்து நாளில் தோல் போயிற்று. வைகாசி வருவதற்குள் அதில் ஒரு குழி விழுந்து, அந்தக் குழியின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று சோபியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அது புதன்கிழமை. நேராகப் போய்ச் சொன்னாள்.

“சார், ஒம்போதாம் நம்பர் ஆயாவுக்கு முதுவுல குழி வுழுந்துட்சி. காய்ச்சலும் அடிக்குது. ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா இட்டுகினு போவணும் சார்.”

துரைக்கண்ணுவின் மனத்தில் அந்த வாரம் ஒரே கிழமைதான் இருந்தது, ஞாயிறு. பட்டு வியாபாரி ஜெயவேல், காலமான தன் அப்பா இராஜமாணிக்கத்தின் பெயரில் இல்லத்துக்குச் சொந்த இடமும் கட்டடமும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். கல்வெட்டுகூட அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, போட்டோ எடுத்து, அறிவிக்கப்போகிறார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்பார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று. எழுதுவார். எழுதியது ஜெயவேல் காதுக்கு எட்டச் சாயங்காலம்கூட ஆகாது.

“ஞாயித்துக்கிழம முடியட்டும்மா,” என்றார் அன்பாக. “திங்கக்கிழம காலைல மொத வேலயே அதான்.”

“நாலு நாளு தாங்காது சார்.”

“அஞ்சு மாசம் தாங்கிகினு தானே கீது? நாலு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?”

சோபியா வேலுவுக்கும் சொல்லி அனுப்பினாள். தறி ஓட்ட ஆள் வரவில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது. ஊரில் எல்லாருடைய மனசாட்சிக்கும் திங்கட்கிழமைதான் நல்ல நாளாக இருந்தது. வியாழனும் வெள்ளியும் சோபியா வெந்நீரில் உப்புப் போட்டுத் துடைத்தாள். சின்னம்மாள் பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். சனிக்கிழமை அவள் கேலி பேசவில்லை. அதுதான் சோபியாவுக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஜெயவேல் வீட்டிலிருந்து போன். அவருடைய மனைவி ஸ்வர்ணலதாவும் வருகிறாராம். பத்துப் பேருக்கும் தன் கையால் ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுக்க வேண்டுமாம், ஒருத்தரையும் விடாமல்.

துரைக்கண்ணு ரிசீவரை வைத்துவிட்டு நேராகப் பின்கூடத்துக்குப் போனார். ஒன்பதாம் நம்பரைச் சாமான் அறைக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தார். தோளில் கை கொடுத்துத் தூக்கியதும் அவள் போட்ட அலறலில் சாலையில் போன சைக்கிள் ஒன்று நின்றது. துரைக்கண்ணு அப்படியே விட்டுவிட்டார். அவள் இங்கேதான் இருக்கப்போகிறாள் என்றால், மடிப்பதைத் தவிர வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்கூடம் முழுக்க ஃபினாயில். அதற்கு மேல் ஊதுபத்தி, அதற்கும் மேல் சாம்பிராணி. அப்புறம் பீரோவைத் திறந்து அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றை எடுத்தார். எப்போதோ ஒரு புண்ணியவதி இல்லத்துப் பெண்களுக்கென்று கொடுத்தது, பச்சைக் கரை, அகல ஜரிகை. அதற்குப் பிறகு வந்த எல்லாப் போட்டோக்களிலும் அந்தப் புடவையே இருக்கிறது, உள்ளே இருக்கும் கிழவிதான் மாறுகிறாள். அதை விரித்து, சின்னம்மாளின் கழுத்திலிருந்து கால் வரை போர்த்தி, இருபத்திரண்டு வருஷத் தொழிலின் அழகெல்லாம் தெரியும்படி கொசுவம் வைத்து, ஜரிகைக் கரை கட்டில் ஓரத்தில் நேர்கோடாக விழும்படி நீவிவிட்டார். நாடா மறைந்தது. நனைந்த துணி மறைந்தது. கீழே இருந்த எல்லாம் மறைந்தது. தலைமாட்டில் ஒரு முழம் மல்லிகை. இரண்டடி பின்னால் நின்று பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது.

சின்னம்மாள் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் குரல் தேய்ந்திருந்தது.

“இன்னாடா துரை, கல்யாணமா, கருமாதியா? சொல்லிட்டு போத்து.”

பதினொரு மணிக்குக் கார் வந்தது. முன் அறையில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. குப்புராஜ் வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகத் தழுதழுத்தார். ஜெயவேல் அவர் தோளில் கை போட்டபடி, போட்டோகிராபர் இன்னொன்று எடுக்கட்டும் என்று காத்திருந்தார். ஸ்வர்ணலதா பழக்கூடையோடு பின்கூடத்துக்கு வந்தாள். ஐந்தாம் கட்டில், ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழம். நாடா கட்டின கைகளை அன்று மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள், ஒன்பதாம் நம்பரைத் தவிர. புடவைதான் இருக்கிறதே.

“இந்த ஆயா தூங்கறாங்கம்மா,” என்றார் துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தி. “பழத்த அப்பிடியே தலமாட்ல வெச்சிடுங்க.”

அவளும் அப்படித்தான் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியும்விட்டாள். ஆனால் ஆரணியில் பிறந்த பெண்ணின் கண்ணில் ஒரு பட்டுப்புடவை பட்டுவிட்டால், அடுத்து நடப்பது அவள் கையில் இல்லை, கைதான் நடத்துகிறது. இந்த ஊரில் பட்டை முன்பக்கம் பார்த்து யாரும் பேச மாட்டார்கள். ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, ஜரிகை பின்பக்கத்தில் எப்படி ஓடியிருக்கிறது, நெருக்கமாக அடித்து நெய்ததா, அவசரமாக ஓட்டி நெய்ததா என்று பார்த்தால்தான் மனசு ஆறும். மணமேடையில் அட்சதை போடப் போகிறவள்கூட மணப்பெண்ணின் முந்தானையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் வாழ்த்துவாள். ஸ்வர்ணலதா வைர மூக்குத்தி போடும் வியாபாரியின் மனைவியாக ஆனது பிறகு. அதற்கு முன்னால் பத்து வருஷம் அப்பா தறியில் உட்கார்ந்தவள். துரைக்கண்ணு இதை மறந்தது எப்படி என்பதை யாராலும் விளக்க முடியவில்லை. இத்தனை வருஷம் வாடிக்கையாளர்கள் புரட்டுவதைத் தடுக்கத்தானே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அவள் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினாள். ஜரிகையின் பின்பக்கம் அவள் விரலில் ஈரமாகப் பட்டது.

“இது இன்னாங்க ஈரம்?” என்று கேட்டபடி விரலை முகர்ந்தாள். அடுத்த நொடி புடவையை இடுப்பு வரை விலக்கிவிட்டாள்.

கட்டிலோடு கட்டிய மணிக்கட்டில் நாடா தோலுக்குள் இறங்கியிருந்தது. சோபியா ஓடிவந்து, கேட்காமலேயே, ஆயாவை மெல்லச் சரித்து முதுகைக் காட்டினாள். உயிரோடு இருக்கும் உடம்பில் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்க முடியும் என்று ஸ்வர்ணலதா அதுவரை அறிந்ததில்லை. அவள் பழக்கூடையைக் கீழே வைத்தாள். பதறிப்போய்ப் புடவையை மறுபடி மேலே இழுக்கப் போனாள்.

சின்னம்மாள் சொன்னாள்: “பாத்துட்டல்ல. இனிமே மூடாதம்மா. காத்து வரட்டும்.”

ஜெயவேல் வாசற்படியில் வந்து நின்றார். பார்த்தார். பார்த்ததும் அவர் முதலில் செய்தது, போட்டோகிராபரை வெளியே போகச் சொன்னது. பிறகு மனைவியிடம் மெதுவாக, இவ்வளவு பேர் எதிரில் வேண்டாம், திங்கட்கிழமை நானே ஏற்பாடு செய்கிறேன் என்றார். அப்பா பேர் கல்வெட்டில் அடித்தாயிற்று என்றும் சொன்னார்.

“காரைப் பின்னால கொண்டாரச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

“புது சீட்டு லதா.”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை. காரைக் கொண்டுவரச் சொன்னார்.

தூக்குவதற்கு இல்லத்தில் ஸ்ட்ரெச்சர் கிடையாது. பெட்ஷீட்டைப் பிடித்தால் கிழிந்தது. கடைசியில் அந்த அரக்குப் பட்டையே அவளுக்கு அடியில் விட்டு, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூளி மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மூலை துரைக்கண்ணுவுடையது. நாலாவது மூலைக்கு ஆளில்லை, அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார், வேலூருக்கு எழுதிக்கொடுத்தார், போலீசுக்கும் எழுதினார். ஸ்வர்ணலதா கையெழுத்துப் போட்டாள். அந்திப்பூவில் பூட்டுத் தொங்கியது. மிச்சம் ஒன்பது பேரின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, இப்படி என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று, கூடிப் பேசி வைத்த மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொல்லி அழைத்துப் போனார்கள். கல்வெட்டை ஜெயவேல் ஒரு கோயில் மதில் பக்கம் மாற்றிவிட்டார், பெயர் அதேதான்.

சின்னம்மாள் வேலூரில் இரண்டரை மாசம் இருந்தாள். புண் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. மணிக்கொரு தரம் புரட்டினார்கள், கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வேலு ஒரு தறியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் கட்டில் போட்டான். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து அந்தக் கட்டிலில் செத்தாள். சோபியா பக்கத்தில் இருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பதினேழாம் நாள் தறி அதே இடத்தில் ஓடியது.

துரைக்கண்ணு பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. குப்புராஜ் சாட்சிக்கூண்டில் ஏறி, பழக்க தோஷத்தில், வீட்டில்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தழுதழுத்துவிட்டார் என்கிறார்கள். இப்போது துரைக்கண்ணு பழையபடி ஒரு ஜவுளிக் கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புடவை மடிக்கிறார். கடை இடைவேளையில் டீக்கடைக்கு வந்தால், யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். அவர் மறைப்பதில்லை. செய்தது தப்புத்தான் என்று ஒப்புக்கொள்வார்.

“பட்டு போட்டது என் தப்புதாம்பா. நம்மூரு பொம்பளன்னு தெரிஞ்சிகினே போட்டுட்டேன். ஒரு நூல் பொடவயப் போத்தியிருந்தா அந்தம்மா கை அங்க போயிருக்குமா, சொல்லு?”

கேட்கிறவர்கள் ஆரணிக்காரர்கள், துணி தெரிந்தவர்கள். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசிக்கிறார்கள். போயிருக்காதுதான் என்று தலையை ஆட்டிவிட்டு, அவருக்கும் சேர்த்து இன்னொரு டீ சொல்கிறார்கள்.